கிழிந்த நாதம்

நம் சிறு வட்டத்தில் சில ஆண்டுகளாகச் 'சிதைவு' என்ற சொல் ஒரு பாராட்டாகப் புழங்கி வருகிறது. வாக்கியம் முறிந்தால் தீவிரம். படிமம் பிசிறடித்தால் நவீனம். குரல் கரகரத்தால் அனுபவத்தின் உண்மை. எதிர்த்தரப்பில் இருப்பவர்கள் இதே சொல்லை வசையாக வீசுகிறார்கள். இரு தரப்பாரும் கேட்டுக்கொள்ளாத கேள்வி ஒன்று உண்டு. எது சிதைகிறது, எந்த இடத்தில், யார் கையால்? இந்தக் கேள்வியை நான் கவிதையிலிருந்து தொடங்கப் போவதில்லை. எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பவர்கள் காலடியில் வைத்து மிதிக்கும் ஒரு தகரப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு 'ஃபஸ்' என்று பெயர். கவிதை விமர்சனத்தில் நாம் மழுப்பிவிட்டுப் போகிற விஷயங்களை அந்தப் பெட்டியிடம் மழுப்ப முடியாது. அங்கே சிதைவு வோல்ட் கணக்கில் நடக்கிறது.

கொல்லிமலையில், செம்மேட்டில், ஒரு வங்கிக் கிளையில் எனக்கு வேலை. அங்கே பள்ளியாசிரியரான நண்பர் ஒருவர் உயிர்விட்ட டிரான்ஸிஸ்டர் ரேடியோ ஒன்றைப் பிரித்து, அதிலிருந்த இரண்டு ஏசி128 டிரான்ஸிஸ்டர்களைக் கொண்டு ஃபஸ் பெட்டி ஒன்று செய்தார். ஒரு மழைக்காலம் முழுக்க, மாலை நேரங்களில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். தடித்த, இழுபடுகிற, அடித்தொண்டையில் அரற்றுகிற ஒலி. பிறகு சித்திரை மாதத்தில் ஒரு நாள் அவர் அதை நாமக்கல்லுக்கு எடுத்துப் போனார். அங்கே அதே பெட்டி, அதே கிதார், அதே கை. ஒலி மட்டும் கம்மிப் போயிற்று. எட்டுகிற முன்பே விக்கி அணைந்தது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி மேலே வந்த பிறகு அது மறுபடியும் பேசியது. இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்த வித்தியாசம்தான்.

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்க்கலாம். கிதாரின் தந்தி அதிர்வது பிக்கப்பில் ஒரு சிறிய மின்னலையாக மாறுகிறது. டிரான்ஸிஸ்டர் அதைப் பெருக்குகிறது. ஆனால் பெட்டிக்குள் இருப்பது 9 வோல்ட் பாட்டரி ஒன்றுதான். அலை அந்த 9 வோல்ட்டுக்கு மேலே போக முடியாது, கீழேயும் இறங்க முடியாது. ஒரு கூரை, ஒரு தரை. அளவுக்கு மீறிப் பெருக்கப்பட்ட அலையின் தலை கூரையில் இடித்துத் தட்டையாகிறது. பாதம் தரையில் மோதித் தட்டையாகிறது. வட்டமான அலை சதுரமாகிறது. இப்படித் தலை வெட்டுண்ட அலைக்குள் முன்பு இல்லாத, அல்லது கேட்காத அளவுக்கு மெலிந்திருந்த, மேல் ஸ்வரங்கள் கிளைக்கின்றன. மேலும் கீழும் சமமாக வெட்டினால் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை மடங்குகள். ஒரு பக்கம் கூடுதலாக வெட்டினால் இரட்டைப்படை மடங்குகளும் சேர்ந்துகொள்கின்றன. ஆக ஃபஸ் என்பது வெளியிலிருந்து பூசிய இரைச்சல் அல்ல. தன் எல்லையில் மோதிய ஒலி தனக்குள்ளிருந்தே ஈன்றெடுப்பது.

இதன் சரித்திரம் விபத்துகளின் சரித்திரம். 1958இல் லிங்க் ரே என்ற அமெரிக்கர் 'ரம்பிள்' இசைத்தட்டுக்காகத் தன் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் துளைகள் குத்தினார். 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றில், நாஷ்வில் ஒலிப்பதிவுக்கூடத்தின் பழுதான கருவி ஒன்று கிரேடி மார்ட்டினின் வாசிப்பைக் கிழித்தது. அந்தக் கிழிசலை அழிக்காமல் விட்டார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதையே டிரான்ஸிஸ்டரில் திரும்பச் செய்தார். 1962இல் கிப்ஸன் கம்பெனி அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. எப்படி விற்றார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். இதை மிதித்தால் கிதார் டிரம்பெட்டைப் போல, செல்லோவைப் போல ஒலிக்கும் என்றார்கள். அதாவது போலி செய்யும் கருவியாக. அது சரியாக விலை போகவில்லை. 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் சவர பிளேடால் ஸ்பீக்கரைக் கீறினார். 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாடிஸ்ஃபாக்‌ஷன்' வந்தது. அதில் கீத் ரிச்சர்ட்ஸ் ஃபஸ்ஸில் வாசித்த பகுதி, பின்னால் ஊதுகுழல்கள் வாசிக்கவேண்டிய இடத்துக்கு ஒரு மாதிரியாக மட்டுமே அவர் நினைத்தது. ஊதுகுழல்கள் வரவில்லை. மாதிரியே பாட்டாக நின்றுவிட்டது. இன்னொன்றைப் போல இருக்க முயன்றபோது யாருக்கும் வேண்டாததாக இருந்த பெட்டி, தானாக ஒலித்தபோது ஒரு தலைமுறையின் குரலாயிற்று. இதில் நமக்கும் ஒரு சேதி இருக்கிறது.

'இதெல்லாம் மேலைச் சரக்கு, நம் காதுக்கு இது அந்நியம்' என்று சொல்லக்கூடியவர்கள் தம்புராவின் அருகில் உட்கார்ந்ததில்லை என்றே நினைக்கிறேன். தம்புராவின் குதிரை மேல் தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, தந்தி குதிரையின் வளைவை உரசியும் உரசாமலும் இருக்கிற ஓர் இடத்தைப் பிடிக்கிறார்கள். அதுவரை 'டொங்' என்றிருந்த தந்தி அந்த இடத்தில் ரீங்கரிக்கத் தொடங்குகிறது. அந்த நூலுக்கு நம்மவர்கள் வைத்த பெயர் ஜீவாளி. தந்தியின் தடையற்ற அதிர்வைக் குலைக்கிற நூலுக்கு உயிரின் பெயர். 1921இல் சி.வி. ராமன் தம்புராவையும் வீணையையும் ஆராய்ந்தபோது, மீட்டும் இடத்தின் காரணமாக எழவே கூடாது என்று ஐரோப்பிய விதி சொன்ன மேல் ஸ்வரங்கள் இக்கருவிகளில் தாராளமாக எழுவதைக் கண்டார். காரணம் அந்த வளைந்த குதிரை. மந்தர ஷட்ஜத்துக்குள்ளிருந்து அந்தர காந்தாரம் ஸ்வயம்புவாகக் கிளம்புவதைக் கேட்டு நாம் கண் மூடுகிறோம். சங்கப் பாடல்களில் யாழொலிக்கு வண்டின் ஒலியும் வண்டுக்கு யாழும் மாறி மாறி உவமையாகின்றன. வண்டின் ஒலியில் 'சுத்தம்' எங்கே இருக்கிறது? ரீங்காரம் நம் ரசனையின் அடித்தளத்தில் இருப்பது.

இன்னும் கீழே இறங்கினால், நம்மில் பெரும்பாலோர் பிறந்ததிலிருந்து கேட்டது ஃபஸ்தான். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் வந்த பாட்டு எதுவும் அதன் ஆம்ப்ளிஃபயர் தாங்கும் அளவுக்குள் வந்ததில்லை. எல்.ஆர். ஈஸ்வரியின் குரலைப் பலர் முதலில் அறிந்ததே தலை வெட்டுண்ட அலையாகத்தான். ஆனால் அதை நல்ல ஃபஸ் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சிதைவு யார் கையிலும் இல்லை. பாடியவருக்கு அது தெரியாது. கட்டியவருக்கு அது பொருட்டில்லை. தம்புராவின் ஜீவாளிக்கும் மரத்தில் தொங்கும் குழாய்க்கும் இடையில் எங்கோ ஒரு கோடு இருக்கிறது. அதைத்தான் தேடுகிறேன்.

ஃபஸ் பெட்டிகளில் பிரசித்தமானது 1966இல் லண்டனில் ஐவர் ஆர்பிட்டர் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ். ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் இருந்தது அதுதான். திறந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். இரண்டு டிரான்ஸிஸ்டர், நான்கு ரெஸிஸ்டர், மூன்று கெபாஸிட்டர், திருகுவதற்கு இரண்டு குமிழ். நண்பர் செய்ததும் இதன் நகல்தான். இவ்வளவு அற்பமான சாமான்களிலிருந்து நல்ல நாதம் எழுவதும் எழாததும் எதைப் பொறுத்தது? அவர் வீட்டில் கேட்டுக் கேட்டு நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இந்தப் பெட்டி கிதாருக்கு அடுத்தாற்போல் உட்கார வேண்டும். நடுவில் வேறு பெட்டியை வைத்தால், குறிப்பாக மின்னலையை வலுப்படுத்தி அனுப்பும் பெட்டியை வைத்தால், ஒலி கீச்சென்று மாறிவிடுகிறது. மற்றப் பெட்டிகள் கிதாரிடமிருந்து கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். இது பிக்கப்பின் மேல் பாரமாக உட்கார்ந்து இழுக்கிறது. பிக்கப்பும் பெட்டியும் ஒரே சர்க்யூட்டின் இரண்டு பாதிகள் ஆகின்றன. அதனால்தான் கிதாரில் இருக்கும் வால்யூம் குமிழைச் சற்றுக் குறைத்ததும் உறுமல் விலகி, கண்ணாடி போல ஒரு தெளிந்த ஒலி வருகிறது. குமிழைத் தொடாமல், விரலின் அழுத்தத்தைக் குறைத்தாலே போதும். ஓரளவுக்கு அதே தெளிவு வந்துவிடும். வாசிப்பவரின் கையும் சிதைவும் ஒரே கயிற்றின் இரு முனைகளில் இருக்கின்றன.

அடுத்து, டிரான்ஸிஸ்டர். முதலில் வந்தவை ஜெர்மானியத்தால் ஆனவை, பிறகு சிலிக்கான். நம் நாட்டிலும் 1960களில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர்களைச் செய்தது. பழைய ரேடியோக்களின் வயிற்றில் அவை இன்னும் கிடக்கின்றன. சிலிக்கான் உறுதியானது, கூர்மையானது, எந்த ஊரிலும் ஒரே மாதிரி ஒலிப்பது. ஜெர்மானியம் கசிவது. அடைத்து வைத்தாலும் அதன் வழியே கொஞ்சம் மின்சாரம் ஒழுகிக்கொண்டே இருக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்தக் கசிவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டாவது டிரான்ஸிஸ்டரில் நிற்கவேண்டிய வோல்ட்டை நாலரை ஒட்டி வைத்துச் சரிசெய்கிறார்கள், அலை கூரைக்கும் தரைக்கும் நடுவில் நிற்கும்படி. கசிவு மிகுந்தால் இந்த நடு நகர்ந்துவிடுகிறது. அலை ஒரு பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு மூச்சுவிட முடியாமல் திணறுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும். செம்மேட்டு மாலையில் நடுவில் நின்ற அலை நாமக்கல் வெயிலில் சுவரோரம் ஒதுங்கியதன் ரகசியம் இதுதான். நண்பர் ஒரு ரெஸிஸ்டரை எடுத்துவிட்டு அங்கே திருகக்கூடிய ஒன்றை வைத்தார். இப்போது எங்கே போனாலும் முதலில் அந்த ஊரின் சூட்டுக்கு ஏற்ப நடுவைத் தேடிக்கொள்கிறார், ஸ்ருதி சேர்ப்பதைப் போல.

பாட்டரியும் ஒரு கட்சி. தீர ஆரம்பித்த பாட்டரியில் வோல்ட் இறங்கும்போது கூரையும் இறங்குகிறது. புதியதைவிட அப்படிப்பட்டதையே விரும்புகிறவர்கள் உண்டு. கடைசியில் ஆம்ப்ளிஃபயர். சுத்தமான டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் ஃபஸ்ஸைச் செருகினால் தகர டப்பாவில் அடைத்த ஈ. அது ஒவ்வொரு சில்லையும் விசுவாசமாகக் காட்டிக் கொடுத்துவிடும். வால்வு ஆம்ப்ளிஃபயர், அதுவும் தன் எல்லையை நெருங்கிக்கொண்டிருப்பது, அந்தச் சதுர அலையின் மூலைகளைக் கொஞ்சம் மழித்து வாங்கிக்கொள்கிறது. நண்பரிடம் இருப்பது ஒரு பழைய வால்வு ரேடியோ. அதன் கிராமஃபோன் முனையில்தான் செருகுகிறார். வாசிக்கும்போது குழல் விளக்கை அணைத்துவிட வேண்டும். அதன் சோக்கிலிருந்து கிளம்பும் ஹும் சத்தத்தைப் பிக்கப் வாங்கிக்கொள்கிறது. ஃபஸ்ஸுக்குத் தந்தி எது, சோக் எது என்று தெரியாது. வருவதை எல்லாம் பெருக்கிவிடும். எதைப் பெருக்கலாம், எதைக் கூடாது என்பதைப் பெட்டிக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் கொல்லியின் ஓரியைக் காட்டுகிறார். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் ஊடுருவிப் போகும் ஓர் அம்பு. நாம் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இந்த அம்பைத்தான். அதற்குப் பிறகு வருவதை மறந்துவிடுகிறோம். பாணர்கள் பாடத் தயாராகிறார்கள். முழவுக்கு ஓர் ஏவல், யாழுக்கு ஓர் ஏவல், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி. பதலையை மட்டும் ஒரு கண்ணில், மெதுவாக இயக்கச் சொல்கிறார். அவ்வளவு பெரிய வன்மையைப் பாடப் போகிறவர், பாடத் தொடங்குமுன் விரலின் அளவைப் பற்றிக் கவலைப்படுகிறார். நல்ல ஃபஸ் பற்றி எனக்குத் தெரிந்த மிகச் சுருக்கமான பாடமும் இதுதான்.

ஃபஸ்ஸுக்கு ஒரு நியதி உண்டு, அது நம் சங்கீதத்தைத் தொடுகிறது. இரண்டு ஸ்வரங்களை ஒருசேர அனுப்பினால் அது அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் புதிய ஸ்வரங்களாக உண்டாக்குகிறது. ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்தால் கழித்தலில் கிடைப்பது கீழ் ஷட்ஜம், பொருந்திவிடுகிறது. ஷட்ஜத்தோடு காந்தாரத்தைச் சேர்த்தால், கிதாரின் மெட்டு தரும் காந்தாரம் இயற்கையானதைவிடச் சற்று ஏறியிருப்பதால், கழித்தல் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிறது. கார்டு என்ற மேலை இசையின் அஸ்திவாரத்தையே ஃபஸ் மறுக்கிறது. அது ஒற்றை இழையைக் கேட்கிறது. தலை வெட்டுண்டதால் ஸ்வரம் சட்டென்று தேயாமல் நாதஸ்வரம் போல நீண்டு நிற்கிறது. தந்தியை இழுத்து ஒரு கமகத்தை அதன் முடிவு வரை கொண்டுபோக முடிகிறது. ஒற்றை இழையும் நீட்சியும் ராகத்துக்கு வேண்டியவை அல்லவா?

இருந்தும் நம்மவர்கள் இதை அண்டவிடவில்லை. சிம்லா சிகரெட்டின் விளம்பரத்துக்காக நடந்த சிம்லா பீட் போட்டிகளின் 1970, 1971 இசைத்தட்டுகளில் சென்னைக் குழுக்கள் வாசித்திருக்கின்றன. அது மேலை ராக்கின் எதிரொலியாகவே நின்றது. சினிமாவில் உறுமும் கிதார் பெரும்பாலும் வில்லனின் கூடாரத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஒதுக்கப்பட்டது. கர்நாடக சங்கீதத்துக்கு எலெக்ட்ரிக் தந்தியைக் கொண்டுவந்த மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் (1969–2014) தேர்ந்துகொண்டது தெளிந்த நாதம். கிதார் பிரசன்னா 2006இல் ஹெண்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' வெளியிட்டபோது கர்நாடக விரலும் கிழிந்த நாதமும் ஒரே கையில் சந்தித்தன. அது எல்லா இடத்திலும் வெற்றி என்று நான் சொல்லவில்லை. காரணம், வெட்டு ஒன்றை எடுத்துக்கொள்கிறது. கமகத்துக்குள் இருக்கும் ஒலியளவின் ஏற்ற இறக்கம், ஒரு ஸ்வரம் அடங்கி இன்னொன்று தலைதூக்குவது, அது கூரையில் மோதி நசுங்குகிறது. நசுங்கியதை மீட்கும் சர்க்யூட் கிடையாது. ஸ்ரீனிவாஸ் மறுத்தது இந்த இழப்பை. பிரசன்னா அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்றார். இரண்டுமே முடிவுகள். மூன்றாவது ஒன்று இருக்கிறது. இழப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் மிதிப்பது.

இங்கேதான் என் கணக்கைத் தீர்க்கவேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளங்கவிஞரின் முதல் தொகுப்பைப் பற்றி எழுதினேன். அதில் நேரான, அடங்கிய குரலில் சில கவிதைகளும், நடுவில் முறிந்து சிதறுகிற சில கவிதைகளும் இருந்தன. நான் முறிந்தவற்றை மட்டும் எடுத்துக் கொண்டாடினேன். மற்றவை பழைய மோஸ்தர் என்று ஒரு வாக்கியத்தில் தள்ளினேன். அந்த முறிவுகள் ஏன் அப்படி அதிர்ந்தன என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த அடங்கிய குரல் எல்லையில் மோதிய இடங்கள் அவை என்பது எனக்குப் புலப்படவில்லை. இரண்டாவது தொகுப்பில் அவர் எல்லாவற்றையும் பெட்டிக்குள் அனுப்பினார். அம்மாவின் மரணமும் பஸ் நிலையமும் ஒரே உறுமலில் வந்தன. குழல் விளக்கின் ஹும் வரைக்கும் பெருக்கப்பட்டிருந்தது. யாரும் படிக்கவில்லை. இப்போது அவர் எழுதுவதில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். என் கட்டுரையும் ஒரு காரணம் என்பதை நான் மறுப்பதற்கில்லை.

சிதைவுக்குப் பின்னால் ஒரு தெளிவான 'அர்த்தம்' ஒளிந்திருக்க வேண்டும் என்று நான் கேட்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது சபா ரசிகர்களின் கோரிக்கை. குமிழைக் குறைத்தால் வருவது அர்த்தம் அல்ல, விரல். தந்தியின் மேல் ஒரு மனிதன் எவ்வளவு பாரத்தை வைக்கிறான் என்பது. நல்ல ஃபஸ்ஸில் அந்த விரல் உறுமலின் உச்சத்திலும் இருக்கிறது. கெட்ட ஃபஸ்ஸில் எவ்வளவு குறைத்தாலும் பெட்டிதான் ஒலிக்கிறது. ஒரு கவிதையின் முறிந்த வரியை முன்வைத்து விமர்சகன் செய்யக்கூடிய சோதனையும் இதற்கு மேல் இல்லை. சத்தத்தைக் குறைத்துப் படிக்க வேண்டும். அங்கே கை இருக்கிறதா? இருந்தால், எவ்வளவு கிழிந்தாலும் அது நாதம். இல்லையென்றால் வேப்பமரத்துக் குழாய்.

போன வாரம் நண்பர் வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. மலையில் இது சகஜம். வால்வு ரேடியோ மெல்ல அணைந்தது. அவர் நிறுத்தவில்லை. மரக்கட்டையில் பூட்டிய வெறும் தந்தி, கூப்பிடு தூரத்துக்குக்கூடக் கேட்காத சத்தத்தில், அதே இழுப்போடு அதே கமகத்தை முடித்தது. எனக்குக் கேட்டது.